கரிப் பென்சில் ஏன் உடைகிறது, படம் ஏன் சாம்பலாகிறது?

கேள்வி இது: "சாதாரணப் பென்சில் ஷேடிங் எனக்கு ஓரளவு வரும். தாத்தாவின் பழைய போட்டோவைப் பெரிதாக வரைந்து பாட்டிக்குக் கொடுக்கலாம் என்று கரிப் பென்சில் பெட்டி ஒன்று வாங்கினேன். சாஃப்ட், மீடியம், ஹார்டு என்று மூன்று வகை இருக்கிறது. சீவும்போதே முனை உடைந்து உடைந்து விழுகிறது. விரலால் தேய்த்துத் தேய்த்து ஷேடிங் செய்தேன். கடைசியில் முகம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல ஆகிவிட்டது. இன்னும் விலை கூடிய கம்பெனி வாங்கினால் சரியாகுமா? படத்தைக் கிழித்துப் போடவும் மனசு வரவில்லை."

முதலில், கிழிக்காதீர்கள். அதைத் தேற்ற வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். பென்சிலை மாற்றினால் மட்டும் இது சரியாகாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் குறை பென்சிலில் கொஞ்சம்தான். பெரும்பகுதி தாளிலும் உங்கள் விரலிலும் இருக்கிறது. நான் பல வருடமாக வரையக் கற்றுக்கொடுக்கிறேன். சாதாரணப் பென்சிலில் நன்றாக வரைகிறவர்கள்தான் கரியில் அதிகம் தடுமாறுகிறார்கள். இதுவும் ஒரு பென்சில், கொஞ்சம் கூடுதல் கறுப்பு, அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சின்ன வயதில் அடுப்புக்கரியால் சுவரில் மூன்று கோடு போட்டு, அதை ஸ்டம்ப் என்று வைத்து கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்தக் கரி நன்றாகப் பிடிக்கும். அதே கரியை வழவழப்பான டைல்ஸில் தேய்த்துப் பாருங்கள், வெறுமனே வழுக்கும். சுவரின் சொரசொரப்பு கரியைச் சுரண்டி எடுத்து, தன் குழிகளில் வைத்துக்கொள்கிறது. கரிப் பென்சிலின் வேலை முழுக்க இதுதான். எழுதும் பென்சிலில் இருக்கும் கிராஃபைட் அடுக்கடுக்கான பொருள். ஒவ்வொரு அடுக்கும் வழுக்கிப் போய்த் தாளில் ஒட்டும். அதனால்தான் அழுத்திப் போட்ட இடம் பளபளக்கிறது. கரி அப்படி இல்லை. எரிந்த மரத்தின் ஒழுங்கற்ற துகள் அது. வெளிச்சம் பட்டால் திருப்பி அனுப்பாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்த ஆழ்ந்த, பளபளப்பில்லாத கறுப்பு கிராஃபைட்டில் எவ்வளவு அழுத்தினாலும் வராது. ஆனால் கரி தாளில் ஒட்டிக்கொள்வதில்லை, உட்கார்ந்திருக்கிறது. ஊதினால் பறக்கும், உரசினால் நகரும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

இன்னொன்றும் இதிலிருந்தே வருகிறது. அடிக்கோட்டை எச்பி பென்சிலில் போட்டுவிட்டு மேலே கரியால் வரைந்தீர்களா? பலரும் செய்வது அது. கிராஃபைட் படிந்த இடம் வழவழப்பாகிவிடும், அதன்மேல் கரி பிடிக்காது. கண்ணுக்குப் பக்கத்தில், மூக்கு ஓரத்தில் வெள்ளிக் கோடு மாதிரி மினுங்கிக்கொண்டே இருக்கும். அடிக்கோட்டையும் கரியிலேயே, ஹார்டு பென்சிலால் இறகு தொடுவதுபோல லேசாகப் போடுங்கள்.

சரி, எதை வாங்குவது? மரக்குச்சியை அப்படியே காற்றுப் புகாமல் சுட்டு எடுப்பது ஒரு வகை. மேல்நாட்டில் வில்லோ மரக் குச்சி, திராட்சைக் கொடி. நம் பக்கம் காளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் புளியங்குச்சியைச் சுட்டு, அந்தக் கரியால்தான் துணியில் முதல் கோடு போடுவார்கள். வேண்டாத கோட்டைத் துணியால் தட்டினால் போய்விடும். இந்த வகைக் குச்சியில் பிசின் எதுவும் இல்லாததால் எளிதாக அழியும், ஆனால் ரொம்பக் கறுப்பாக வராது. உங்கள் பென்சிலுக்குள் இருப்பது வேறு. கரியைப் பொடித்து, களிமண்ணோ பிசினோ மெழுகோ சேர்த்துப் பிசைந்து, அழுத்தி, கம்பியாக்கி மர உறைக்குள் வைத்தது. இப்படிச் சேர்க்கும் பொருள் கூடினால் ஹார்டு: வெளுப்பாக வரும், முனை நிற்கும். குறைந்தால் சாஃப்ட்: கன்னங்கரேலென்று வரும், சீக்கிரம் தேயும், சட்டென்று உடையும். சில கம்பெனிகள் சாஃப்ட், மீடியம் என்று போடாமல் எச்பி, 2பி, 4பி, 6பி என்று போடுகின்றன. அதை எழுதும் பென்சில் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கரியில் எச்பி என்பதே சாதாரண 6பியைவிடக் கறுப்பாக இருக்கும். ஒரு கம்பெனியின் 4பி இன்னொன்றின் 4பி மாதிரி இருக்க வேண்டும் என்றும் இல்லை.

கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் எந்தக் கலைப்பொருள் கடையிலும் கிடைப்பது கேம்லின். பழகுவதற்கு அதுவே போதும், உங்கள் பெட்டியும் அதுவாகவே இருக்கலாம். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஃபேபர் காஸ்டெல்லின் பிட் வரிசை, அமெரிக்க ஜெனரல்ஸ், இங்கிலாந்தின் டெர்வென்ட் எல்லாம் நல்ல பென்சில்கள். கம்பி முழுவதும் ஒரே சீராக இருக்கும், நடுவில் கல் தட்டாது. மலிவான பென்சிலில் சில சமயம் ஒரு கடினமான மணி சிக்கி, தாளில் கீறல் விழுந்துவிடும். அந்தக் கீறலை எதனாலும் நிரப்ப முடியாது. இது மட்டும்தான் விலை கூடிய பென்சிலுக்காக நான் சொல்லும் உண்மையான காரணம். எந்தக் கம்பெனியானாலும் பெரிய பெட்டி வேண்டாம். தனித்தனியாக விற்கிற கடையில் சாஃப்ட் இரண்டு, ஹார்டு ஒன்று வாங்குங்கள். மீடியத்தை நான் அநேகமாகத் தொடுவதே இல்லை. சாஃப்டை மெதுவாக ஓட்டினால் அந்த நிறம் வந்துவிடுகிறது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில கறுப்புப் பென்சில்கள் கரிப் பென்சில் வரிசைக்குப் பக்கத்திலேயே இருக்கும், மேலே ஆயில் என்று அச்சிட்டிருக்கும். எண்ணெய் சேர்ந்த பென்சில் அது. கறுப்பு அருமையாக வரும், கை பட்டால் கலையாது. ஆனால் ரப்பருக்கும் போகாது. கரி என்று நினைத்து வாங்கி, நெற்றியில் தப்பாக ஒரு கோடு போட்டுவிட்டால் அவ்வளவுதான். வெள்ளைக் கரிப் பென்சில் என்று விற்பதிலும் கரி கிடையாது, வெண்பொடிதான். வெள்ளைத் தாளில் அதற்கு வேலையே இல்லை. பழுப்பு, சாம்பல் நிறத் தாளில் வரையும்போது மூக்கு நுனிக்கும் கண்ணின் புள்ளிக்கும் வைத்துக்கொள்ளலாம். கறுப்புக் கரியோடு அது கலந்தால் நீலம் பாய்ந்த செத்த சாம்பல் நிறம் வரும். இரண்டுக்கும் நடுவே வெறும் தாள் தெரிய வேண்டும்.

இப்போது சீவுவது. உடைவதற்குப் பாதிக் காரணம், பென்சில் எங்கேயோ கீழே விழுந்திருக்கிறது. கடையிலோ, வழியிலோ, உங்கள் மேசையிலிருந்தோ. வெளியே மரம் நன்றாக இருக்கும், உள்ளே கம்பி நாலு துண்டாகியிருக்கும். மீதிப் பாதிக் காரணம் ஷார்ப்னர். அதில் பென்சிலைத் திருகும்போது கம்பியையும் சேர்த்து முறுக்குகிறோம். கரிக் கம்பி அந்த முறுக்கைத் தாங்காது. புது பிளேடு போட்ட பேப்பர் கட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிளேடு மரத்தைச் சீவாது, பிய்க்கும். இடது கையில் பென்சில், வலது கையில் கத்தி. வலது கை அசையாமல் இருக்க, இடது கட்டைவிரலால் பிளேடின் முதுகை மெல்லத் தள்ளுங்கள். ஒரு தள்ளலுக்கு மெல்லிய ஒரு செதில், கொஞ்சம் உருட்டி அடுத்த செதில். கம்பியைத் தொடாமல் மரத்தை மட்டும் ஓர் அங்குலத்துக்குச் சரிவாக எடுங்கள். கால் அங்குலம், அதிகம் போனால் அரை அங்குலக் கம்பி வெளியே தெரியட்டும். அதற்குப் பிறகு கத்தியை வைத்துவிட்டு, உப்புத்தாளில் கம்பியைப் படுக்க வைத்து உருட்டி உருட்டித் தேயுங்கள். ஊசிமுனை வேண்டுமென்றால் ஊசிமுனை, உளிமாதிரித் தட்டையாக வேண்டுமென்றால் ஒரே பக்கம் தேய்த்தால் போதும். உப்புத்தாளில் விழும் பொடியைச் சின்ன டப்பாவில் சேருங்கள். பின்னணிக்குப் பஞ்சால் பூச அதுதான் கை கொடுக்கும்.

அடுத்தது தாள். நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான். உங்கள் கேள்வியில் எந்தத் தாள் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. ஜெராக்ஸ் தாளோ, வழவழப்பான சார்ட்டோ என்று சந்தேகப்படுகிறேன். அதில் குழி இல்லை. கொஞ்சம் கரியைத்தான் வாங்கும், மிச்சம் மேலேயே மிதக்கும். விரலால் தேய்த்தால் மிதக்கிற கரி வெளிச்சமான இடத்துக்கெல்லாம் பரவும். இன்னும் கறுப்பு வேண்டும் என்று அழுத்தினால் இருக்கிற கொஞ்சநஞ்சக் குழியும் நசுங்கிவிடும். உங்கள் படம் சாம்பலானது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஜார்ஜ் ஸோரா (Georges Seurat) என்ற பிரெஞ்சு ஓவியரைப் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும். 1880களில் அவர் கோன்டே கிரேயானில் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். கோன்டே கிரேயான் என்பது பொடியை அழுத்திச் செய்த குச்சி, கரிக்குப் பங்காளி முறை. மிஷாலே என்ற சொரசொரப்பான தாளைப் பயன்படுத்தினார். கிரேயானைப் படுக்க வைத்து லேசாக ஓட்டியிருக்கிறார். தாளின் மேட்டில் கறுப்பு நிற்கிறது, குழியில் வெள்ளை அப்படியே இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மாலை வெளிச்சம் மங்குவதுபோலத் தெரியும். விரலால் தேய்த்து வந்த மென்மை இல்லை அது. பாதி வேலையைத் தாள் செய்திருக்கிறது.

கடையில் தாளை எப்படிப் பார்ப்பது? தாளின் மேல் நகத்தின் மேல்பக்கத்தை லேசாக ஓட்டுங்கள். உரசும் சத்தம் கேட்க வேண்டும். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் மணல் தூவியதுபோல நிழல் தெரிய வேண்டும். கார்ட்ரிட்ஜ் தாள் என்று கேளுங்கள். தாளின் கனம் 130 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருந்தால் ரப்பருக்கும் தாங்கும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பருத்தித் துணியிலிருந்து செய்யும் கைத்தாள் கிடைத்தால் அதையும் ஒரு முறை முயன்று பாருங்கள், மேடு பள்ளம் குறைந்த வகையாகப் பார்த்து எடுங்கள். ரொம்ப மேடு பள்ளமான தாளில் கண் இமை வரைய முடியாது. சும்மா பழகுவதற்குப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பர் போதும். பளபளப்பில்லாத பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். அது சில வருடத்தில் பழுத்து நொறுங்கும், அதனால் பாட்டிக்குக் கொடுக்கும் படத்துக்கு வேண்டாம். தாள் எதுவானாலும் அடியில் நாலைந்து தாள் மெத்தைபோல வையுங்கள். நேராகப் பலகையில் வைத்தால் பலகையின் வரி மேலே வந்துவிடும்.

விரல். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன். நம் வெயிலுக்கு விரலில் எப்போதும் வியர்வையும் எண்ணெயும் இருக்கும். விரல் பட்ட இடத்தில் கரி ஒட்டிக் கறையாகிவிடும், ரப்பருக்கு அசையாது. கன்னத்தில் திட்டுத் திட்டாக வருவது அதனால்தான். தேய்க்க வேண்டுமென்றால் செய்தித்தாள் ஓரத்தை இறுக்கிச் சுருட்டிய குச்சி, டிஷ்யூ, பழைய பருத்தித் துணி, காய்ந்த பிரஷ், எதுவும் சரி. அதையும் ஒரு முறை தேய்த்துவிட்டு நிறுத்துங்கள். தேய்த்த பிறகு அதன்மேல் மறுபடி சாஃப்ட் பென்சிலால் கோடு விழ வேண்டும். அப்போதுதான் தோலில் உயிர் வரும். வரையும்போது உள்ளங்கைக்கு அடியில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் படத்தைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்து, மேலிருந்து கீழே வாருங்கள். பொடி கீழே உதிர்ந்துவிடும். வாயால் ஊதாதீர்கள்: எச்சில் துளி விழுந்தால் புள்ளி நிற்கும், பொடியும் மூக்குக்குள் போகும். தாளின் பின்பக்கம் ஒரு தட்டு தட்டினால் போதும்.

ரப்பருக்கு நீடட் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள், களிமண் மாதிரி பிசையலாம். அதைத் தேய்க்கக் கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும், காயத்தில் பஞ்சு ஒற்றுவது மாதிரி. கறுத்த பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்தால் புதுப்பக்கம் வரும். கிடைக்காவிட்டால் போஸ்டர் ஒட்டும் பிசைகளிம்பும் அதே வேலையைச் செய்யும். ரப்பர் வருவதற்கு முன்னால் ஓவியர்கள் ரொட்டியின் உள்பக்கத்தைத்தான் பிசைந்து ஒற்றியிருக்கிறார்கள். கரியில் ரப்பர் தப்பை அழிக்கிற பொருள் மட்டும் இல்லை, அதுவும் ஒரு பென்சில்தான். உங்கள் தாத்தாவின் நரைமுடியை எப்படி வரைவீர்கள்? ஒவ்வொரு முடியையும் விட்டுவிட்டுச் சுற்றிக் கறுப்படிக்க முடியாது. தலை முழுக்க நடுத்தரச் சாம்பல் பூசுங்கள். ரப்பரைக் கத்திமுனைபோலப் பிடித்து, முடி போகும் திசையில் சர்ரென்று இழுத்து எடுங்கள். வெள்ளை இழை வரும். நாலைந்து இழைக்கு நடுவே ஹார்டு பென்சிலால் ஒரே ஒரு கறுப்பு இழை. மூக்குக்கண்ணாடியின் விளிம்பில் தெரியும் வெளிச்சமும் இப்படித்தான்.

படம் ஆரம்பிக்கும்போது கண்ணிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். போட்டோவைக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். விவரம் மறைந்து மூன்றே நிறம் தெரியும்: வெள்ளை, நடு, கறுப்பு. ஆழமான கறுப்பு எங்கே என்று பார்த்து, புருவத்துக்கு அடியில், மூக்குத் துவாரத்தில், காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே என்று நாலு இடத்தில் முதலிலேயே அதை வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்று கைக்குத் தெரியாது. பயந்து பயந்து எல்லாவற்றையும் நடுச்சாம்பலிலேயே முடித்துவிடுவோம். நெற்றி மேட்டையும் மூக்குத் தண்டையும் தொடவே தொடாதீர்கள். அங்கே தாளே வெளிச்சம்.

ஜெர்மன் ஓவியர் கேதே கோல்விட்ஸ் 1933இல் தன்னைத் தானே வரைந்த கரிப்படம் ஒன்று வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. பழுப்புத் தாளில், பக்கவாட்டில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார். முகம் நிதானமாக, எலும்பும் சதையும் தெரிய வந்திருக்கிறது. கரியைப் பிடித்த கையும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே இருக்கிற தோள்முதல் மணிக்கட்டுவரை? கரிக்கட்டியை அழுத்தி மேலும் கீழுமாக இழுத்த கோணல்மாணலான தடங்கள் மட்டும்தான். ஆனாலும் அது கைதான், வேலை செய்துகொண்டிருக்கிற கை. பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். தாத்தாவின் சட்டையையும் பொத்தானையும் முகத்தைப்போலவே நுணுக்கமாக முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். முகத்துக்கு உழையுங்கள், தோளுக்குப் பத்துக் கோடு போதும்.

முடித்த பிறகு, கரி உதிராமல் பிடித்துவைக்க ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரே. என் பாட்டியின் படம் ஒன்றை அறைக்குள் வைத்து, அவசரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து அடித்தேன். முதல் அமுக்கலில் டப்பா துப்பியது. நெற்றியில் மூன்று கறும்புள்ளி, இன்றுவரை இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ போங்கள், முதல் அமுக்கலை வேறு பழைய தாளில் அடித்துவிடுங்கள், ஓரடி தள்ளிப் பிடித்து, படத்துக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள். மெல்லிய பூச்சு, காயட்டும், இன்னொரு மெல்லிய பூச்சு. மழை ஈரத்தில் வேண்டாம். ஸ்ப்ரே பட்டால் நடுநிறங்கள் கொஞ்சம் கறுக்கும், வெள்ளைப் பென்சில் மங்கிப்போகும். வெள்ளைப் புள்ளிகளை ஸ்ப்ரேக்குப் பிறகு வைப்பது நல்லது. ஹேர் ஸ்ப்ரே அடிக்கலாம் என்பார்கள். பழகும் படத்துக்குச் சரி. கொடுக்கிற படத்துக்கு வேண்டாம், நாளாக நாளாகத் தாள் மஞ்சளாகும். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அக்ரிலிக் தகடு வேண்டாம். துடைத்தால் அதில் ஏறும் நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துக்கொள்ளும். சட்டம் போடும்வரை மேலே பட்டர் பேப்பர் மூடி, சுருட்டாமல் தட்டையாக வையுங்கள்.

இப்போது அந்தச் சாம்பல் படம். ஸ்ப்ரே அடிக்கவில்லை என்றால் தேற்றலாம். செங்குத்தாகப் பிடித்துப் பின்னால் தட்டுங்கள், மிதக்கிற கரி உதிரட்டும். சுத்தமான பருத்தித் துணியை உருட்டி, முகம் முழுவதும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எல்லாம் ஒரு படி வெளுக்கும், தாத்தா மங்கலாகத் தெரிவார். பயப்பட வேண்டாம், அதுதான் இனி உங்கள் நடுநிறம். நீடட் ரப்பரால் நெற்றி, மூக்குத் தண்டு, கன்னத்து மேடு, கீழுதடு என்று வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் ஒற்றி எடுத்துத் தாளை வெளியே கொண்டுவாருங்கள். விரல் எண்ணெய் பட்ட திட்டு போகாவிட்டால் அந்தப் பக்கத்தைக் கன்னத்து நிழலாக்கிவிடுங்கள். பிறகு புதிதாகச் சீவிய சாஃப்ட் பென்சிலை எடுத்து, நான் சொன்ன அந்த நாலு இடத்தில், காதுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்து, தயங்காமல் கறுப்பை வையுங்கள்.